டெரின்குயுவில் 20,000 பேர் எப்படி மூச்சு விட்டார்கள்?

துருக்கியில் டெரின்குயு என்ற ஊருக்கு அடியில் 85 மீட்டர் ஆழத்துக்கு ஒரு நகரம் இருக்கிறது, அதில் 20,000 பேர் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். மின்விசிறியும் இயந்திரமும் இல்லாத காலத்தில் இது மனிதரால் ஆகிற காரியமா, வேற்றுக்கிரகவாசிகள் கட்டியது என்கிறார்களே, அடுத்த மாதம் ஆஸ்துமா உள்ள அப்பாவை அங்கே அழைத்துப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் நீங்கள் கேட்பது இரண்டு விஷயம். அதைத் தோண்ட முடிந்ததா? தோண்டிய பிறகு உள்ளே அத்தனை பேர் உயிரோடு இருக்க முடிந்ததா? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதுதான் கடினமானது. அதைக் கேட்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் படித்தது சுரங்கப் பொறியியல். வேலைக் காலத்தில் பெரும்பகுதி நிலத்தடி உலோகச் சுரங்கங்களில், காற்றோட்டப் பிரிவில் போனது. ஒவ்வொரு லெவலிலும் அனிமோமீட்டரைப் பிடித்துக் காற்றின் வேகம் பார்ப்பது, கரியமில வாயு எவ்வளவு என்று அளப்பது, எந்த வழியாகக் காற்று உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று வரைபடத்தில் குறிப்பது, இதுதான் தினசரி வேலை. டெரின்குயுவுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், சுற்றுலாப் பயணியாக. தொல்லியல் எனக்குப் படிப்பு அல்ல, வாசிப்பு மட்டுமே. ஆகவே பாறையையும் காற்றையும் பற்றி நான் சொல்வதை அனுபவத்திலிருந்து சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். வரலாறு பற்றிச் சொல்வதை ஒரு வாசகன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாறை. இந்த இடம் மத்திய அனத்தோலியாவில் (துருக்கியின் ஆசியப் பகுதிதான் அனத்தோலியா), நெவ்ஷெஹிர் மாகாணத்தில் இருக்கிறது. பழைய பெயர் கப்படோக்கியா. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இது கப்பத்தோக்கியா என்று பழக்கமான பெயர்தான். பேதுரு தன் முதல் நிருபத்தை எந்தெந்த இடத்தாருக்கு எழுதினாரோ அவற்றில் ஒன்று. இங்கே பல லட்சம் ஆண்டுகள் அல்ல, சில கோடி ஆண்டுகளும் அல்ல, ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி அடுத்தடுத்து எரிமலைகள் வெடித்தன. லாவாவைவிட அதிகமாக வந்தது கொதிக்கும் சாம்பலும் நுரைக்கல்லும். அவை வெள்ளம்போலப் பரவி, படிந்து, இறுகியதுதான் டஃப் என்கிற சாம்பல் பாறை. எர்சியெஸ், ஹசன் என்ற இரண்டு மலைகள் கண்ணுக்குத் தெரிவதால் எல்லாச் சாம்பலும் அவற்றிலிருந்தே வந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். உண்மையில் பெரிய படிவுகளில் பல, நெவ்ஷெஹிருக்கும் டெரின்குயுவுக்கும் இடைப்பட்ட பகுதியில் இன்று மலையாகவே தெரியாத வாய்களிலிருந்து வந்தவை என்றுதான் புவியியலாளர்கள் சொல்கிறார்கள்.

சாம்பல் விழும்போது மிகுந்த சூட்டோடு இருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கடினப் பாறை ஆகிவிடும். சூடு அவ்வளவு இல்லாத படிவுகள் மென்மையாகவே நின்றுவிடும். அவற்றில் காலியான நுண்துளைகள் ஏராளம், எடை குறைவு. சாதாரண இரும்புக் கொத்தால் கொத்தினால் பெயர்ந்து வரும். இன்னொரு குணமும் உண்டு. புதிதாக வெட்டிய முகத்திலிருந்து ஈரம் வெளியேறி, கரைந்திருந்த தாதுக்கள் மேற்பரப்பில் படிந்து, நாளடைவில் ஒரு கடினத் தோல் உண்டாகும். கன்னியாகுமரிப் பக்கம் வெட்டுக்கல் வெட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. வெட்டும்போது மெத்தென்று இருக்கும் கல், வெயிலும் காற்றும் பட்டதும் இறுகிவிடும். பாறை வேறு, வேதியியல் வேறு, ஆனால் வெட்டுகிறவருக்குக் கிடைக்கிற வசதி ஒன்றே.

ஆகவே தோண்டியது எப்படி என்பதில் மர்மம் எதுவும் இல்லை. என் கணக்கில், பழகிய ஆள் ஒருவர் இந்த மாதிரிப் பாறையில் நாளொன்றுக்கு அரை கன மீட்டரிலிருந்து ஒரு கன மீட்டர் வரை கொத்தி எடுப்பார். ஒரு வாதத்துக்காக மொத்த வெற்றிடம் 50,000 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் இறங்கினால் இரண்டு மூன்று வருட வேலை. ஆனால் யாரும் அப்படி ஒரே மூச்சில் தோண்டியிருக்க மாட்டார்கள். பயிர் வேலை இல்லாத குளிர்காலங்களில், ஒரு தலைமுறை ஓர் அறை, அடுத்த தலைமுறை இன்னோர் அறை என்று வளர்ந்த இடம் அது. உள்ளே நடந்தால் அது தெரியும். அறைகள் ஒரு திட்டப்படி அமையவில்லை. ஒரு வீட்டின் நிலவறை பக்கத்து வீட்டின் நிலவறையோடு சேர்ந்து, இரண்டும் கீழே இன்னொன்றோடு சேர்ந்து என்று மரவேர் போலப் போகிறது.

கூரை ஏன் இடிந்து விழவில்லை என்பதும் கணக்கில் அடங்குகிறது. 80 மீட்டர் ஆழத்தில் மேலே இருக்கும் இந்த லேசான பாறையின் அழுத்தம் ஒரு மெகாபாஸ்கலுக்குச் சற்று அதிகம், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் பத்து கிலோவுக்கு மேல். நடுவில் வெட்டி எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் தூண்கள் அதைவிடக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். மென்மையான டஃப் தாங்குவது சில மெகாபாஸ்கல்தான். அதாவது தாங்கும், ஆனால் தாராளமாக அல்ல. அதனால்தான் அறைகள் சிறியவை, சுவர்கள் தடிமன், நடைவழிகள் ஓர் ஆள் குனிந்து போகிற அளவு. ஈரமானால் இந்தப் பாறையின் வலு கணிசமாகக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே நிலத்தடி நீர், மேலே கூடிக்கொண்டே போகும் சுமை. இன்னும் ஆழமாகப் போகாமல் அங்கேயே நிறுத்தியது அவர்களுடைய கைகளுக்குப் பாறை சொல்லிக்கொடுத்த பாடம் என்றே நினைக்கிறேன்.

இனி காற்று. டெரின்குயு என்றால் துருக்கியில் ஆழக்கிணறு என்று பொருள். ஊர்ப் பெயரே விடையைச் சொல்லிவிடுகிறது. அங்கே 55 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் பெரிய செங்குத்துத் துளை ஒன்று உண்டு. எங்கள் பாஷையில் அது ஷாஃப்ட். அது காற்றுக்கும் வழி, தண்ணீருக்கும் வழி, தோண்டிய மண்ணை மேலே இழுப்பதற்கும் வழி. முதலில் நீர் கிடைக்கும் வரை கிணறு வெட்டி, பிறகு அதிலிருந்து பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போனார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்தச் சுரங்கத்திலும் நாங்கள் செய்வதும் இதே வரிசைதான். இது தவிரச் சிறு காற்றுத் துளைகள் பலவும் உண்டு.

உள்ளே வெப்பம் வருடம் முழுக்க 13 முதல் 15 டிகிரி வரை. வெளியே குளிர்காலத்தில் உறைநிலை. அப்போது உள்ளிருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பு, அதனால் லேசு. அது ஒரு துளை வழியாக மேலே எழும், குளிர்ந்த காற்று இன்னொன்றின் வழியாக இறங்கும். விசிறியே வேண்டாம். 55 மீட்டர் உயரமும் 15 டிகிரி வித்தியாசமும் இருந்தால் முப்பது பாஸ்கலுக்குச் சற்று அதிகமான இழுவை கிடைக்கும். எங்கள் விசிறிகளோடு ஒப்பிட்டால் அது சொற்பம், ஆனால் தேவைக்குப் போதும்.

கோடையில் கதை மாறுகிறது. வெளியே 30 டிகிரி, உள்ளே 14. குளிர்ந்த கனமான காற்று பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர்போல அடியிலேயே கிடக்கும். மலைச்சரிவில் வெட்டிய சுரங்கமாக இருந்தால் அந்தக் கனமான காற்று கீழ்வாய் வழியாக வழிந்து வெளியேறும். டெரின்குயு ஏறக்குறையச் சமதளத்தில் இருக்கிறது, வழிந்தோடக் கீழ்வாய் கிடையாது. அப்போது காற்றை நகர்த்துவது மேலே அடிக்கும் காற்றும், உள்ளே இருக்கும் மனிதர்கள், ஆடுமாடுகள், விளக்குகள் ஆகியவற்றின் உடல்சூடும் சுடர்ச்சூடும்தான். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 7ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை டாரஸ் மலைக் கணவாய்களைத் தாண்டி வந்த அரபுப் படைகளின் தாக்குதல்கள் பெரும்பாலும் கோடையில்தான் நடந்தன. மக்கள் ஒளிய வேண்டியிருந்த பருவமும் காற்று மந்தமாக இருந்த பருவமும் ஒன்றே. இந்தப் பொருத்தத்தை நான் எங்கும் அளவீட்டோடு படித்ததில்லை, என் சொந்த அனுமானம். ஆனால் இயற்பியல் அப்படித்தான் சொல்கிறது.

20,000 என்ற எண்ணை இப்போது சோதித்துப் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 15 முதல் 20 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 20,000 பேர் என்றால் மணிக்கு ஏறத்தாழ 360 கன மீட்டர். நம் நாட்டுச் சுரங்க விதிகள் அனுமதிக்கும் அளவு அரை சதவீதம். உயிருக்குப் பயந்து ஒளிந்தவர்களுக்கு ஒரு சதவீதம் வரை சரி என்று தளர்த்திக்கொண்டாலும் விநாடிக்குப் பத்து கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். ஒரு சதுர மீட்டர் வாயுள்ள பத்துத் துளைகளில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இடைவிடாமல் காற்று இறங்குவதற்குச் சமம் அது, அதே அளவு வெளியே போக வேறு பத்துத் துளைகளும் வேண்டும். ஒரு சிறிய எண்ணெய் விளக்கு ஏறக்குறைய ஓர் ஆள் அளவுக்கு வாயு தரும். ஒரு மாடு எட்டுப் பத்து ஆளுக்குச் சமம். குளிர்காலத்தில் இது முடியாத காரியம் அல்ல. கோடையில், அதுவும் மந்தமான நாளில், எனக்கு நம்பிக்கை இல்லை.

எதிரி துளைகளை அடைத்துவிட்டால் நிலைமை என்ன? முன்பு சொன்ன 50,000 கன மீட்டர் வெற்றிடத்தையே எடுத்துக்கொள்வோம். 20,000 பேர் உள்ளே இருந்தால் நான்கு மணி நேரத்தில் கரியமில வாயு மூன்று சதவீதத்தைத் தொட்டுவிடும். தலைவலியும் மூச்சிரைப்பும் தொடங்கும் அளவு அது. 2,000 பேர் இருந்தால் அதே நிலை வர நாற்பது மணி நேரம் ஆகும். தண்ணீரையும் பாருங்கள். தலைக்கு இரண்டரை லிட்டர் வைத்தால் நாளுக்கு 50,000 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் 5,000 முறை இறைக்க வேண்டும். 50 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு முறை இழுக்க மூன்று நிமிடம் என்றால், ஒரு கிணற்றில் இரவுபகலாக இறைத்தாலும் ஐந்நூறு வாளி தாண்டாது. பத்துக் கிணறுகள் ஓயாமல் வேலை செய்ய வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. 20,000 என்பது யாரும் எண்ணிப் பார்த்த எண் அல்ல, இடத்தின் பரப்பை வைத்து ஊகித்த உச்ச அளவு. சில ஆயிரம் பேர், சில நாள் அல்லது சில வாரம் என்றால் மறுப்பே இல்லை. மாதக்கணக்கில் 20,000 பேர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முழு இடமும் அளந்து வெளியிடப்பட்டு, துளைகள் எல்லாம் எண்ணி முடித்த பிறகு யாராவது என்னைத் திருத்தினால் மகிழ்ச்சியோடு திருந்துவேன்.

இடத்தின் அமைப்பும் இதையே சொல்கிறது. தொழுவங்கள் மேல் தளத்தில் இருக்கின்றன, பாறையிலேயே குடைந்த தீவனத் தொட்டிகளோடு. மாடுகளைக் குறுகிய படிகளில் கீழே இறக்க முடியாது என்பது ஒரு காரணம், அவற்றின் மூச்சு கீழே தேங்கக்கூடாது என்பது இன்னொன்று. கழிப்பிடங்கள் இந்த நிலத்தடி ஊர்களில் அபூர்வம். டட்லரின் என்ற இடத்தில் உள்ளதைச் சிறப்பாகக் குறிப்பிடுகிற அளவுக்கு அபூர்வம். ஆனால் கதவுகளில் காட்டிய கவனம் அபாரம். திருகைக் கல் வடிவில், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள வட்டக் கற்கள், சுவருக்குள் குடைந்த பள்ளத்தில் நிற்கும். உள்ளிருந்து உருட்டினால் வழி அடைபடும், வெளியிலிருந்து பிடித்து உருட்ட இடமே கிடையாது. பலவற்றில் நடுவே ஓட்டை இருக்கும், வெளியே யார் என்று பார்க்கவும் ஈட்டி நீட்டவும் உதவியிருக்கும். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாக அடைக்கலாம். காற்றுத் துளைகள் நடைவழியோடு சேராமல் தனியே போவதால் கதவு அடைத்தாலும் மூச்சு அடைபடாது. காற்றுப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு இதைப் பார்த்ததும் கைகூப்பத் தோன்றியது. இது குடியிருக்கக் கட்டிய நகரம் இல்லை. ஊர் மேலே இருந்தது. இது ஓடி ஒளியும் இடம், அமைதிக் காலத்தில் தானியமும் திராட்சை ரசமும் வைக்கும் கிடங்கு.

யார், எப்போது என்பதில்தான் சந்தேகங்கள் அதிகம். கட்டடம் என்றால் கல்லும் சுண்ணாம்பும் மரமும் மிஞ்சும், காலம் கணிக்கலாம். இங்கே மிஞ்சியிருப்பது வெற்றிடம். அதைக் கார்பன் சோதனைக்கு அனுப்ப முடியாது. பின்னால் வந்தவர் அகலப்படுத்தினால் முன்னால் வந்தவரின் கொத்துத் தடமும் போய்விடும். கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளில் பிரிஜியர் என்ற பழைய அனத்தோலிய மக்கள் தொடங்கினார்கள் என்று பரவலாக எழுதப்படுகிறது, அவர்களுக்கும் முந்திய ஹிட்டைட் பேரரசின் காலம் வரை பின்னுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் உறுதியான சான்று நான் பார்த்தவரை இல்லை. கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன் இந்நகரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதும் அடிக்கடி கண்ணில் படும். கிணறுபோன்ற வாயும் அகன்ற உள்ளறையும் கொண்ட வீடுகளில் மனிதரும் ஆடுமாடுகளும் சேர்ந்து இருந்ததை அவர் எழுதியது உண்மைதான், ஆனால் அது அங்கிருந்து வெகு கிழக்கே, ஆர்மேனிய மலைநாட்டில் கண்டது. பைசாந்தியக் காலத்துக்கு, அதாவது கிறிஸ்தவக் கிழக்கு ரோமப் பேரரசின் காலத்துக்கு வந்தால் தரை உறுதியாகிறது. கீழ்த்தளத்தில் சிலுவை வடிவத் தேவாலயம் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் லியோ, இப்பகுதி மக்கள் குழிகளிலும் வெடிப்புகளிலும் சுரங்க வழிகளிலும் இறங்கி ஒளிந்ததால் குகைவாசிகள் என்று அழைக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். இன்று நாம் பார்க்கும் வடிவத்தின் பெரும்பகுதி அந்த அபாய நூற்றாண்டுகளில் உருவானது என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது. தொடக்கம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம்.

1963இல் ஒருவர் வீட்டைப் புதுப்பிக்கச் சுவரை இடித்தபோது நகரம் வெளிப்பட்டது என்று அந்தக் காணொளியில் சொல்லியிருப்பார்கள். கண்டுபிடிப்பு நடந்தது சரி, 1969இல் மக்களுக்குத் திறந்துவிட்டதும் சரி. ஆனால் அதுவரை யாருக்குமே தெரியாது என்று சொன்னால் அங்கே வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். அந்த ஊருக்கு மலக்கோபி என்று பெயர் இருந்தது, கிரேக்கம் பேசிய கிறிஸ்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய பேச்சுமொழியை ஆராய 1909 முதல் அங்கே போய்வந்த கேம்பிரிட்ஜ் மொழியியலாளர் டாக்கின்ஸ், அந்த வருடம் தெற்கே அதானா நகரில் ஆர்மேனியக் கிறிஸ்தவர்கள் படுகொலை செய்யப்பட்ட செய்தி எட்டியதும் பக்கத்து ஊர் மக்களில் பலர் இரவில் இந்த நிலத்தடி அறைகளுக்குள் போய்ப் படுத்ததைப் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் அவற்றைப் புகலிடம் என்றே பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அழைத்தார்கள். ஆயிரம் ஆண்டுப் பழைய கதவு 20ஆம் நூற்றாண்டிலும் பயன்பட்டிருக்கிறது. பிறகு 1923 ஒப்பந்தப்படி துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே மக்கள் பரிமாற்றம் நடந்தது. பன்னிரண்டு லட்சம் அளவுக்குக் கிறிஸ்தவர்கள் அனத்தோலியாவை விட்டுப் போனார்கள், மலக்கோபிக்காரர்களும் போனார்கள். எந்த வீட்டு நிலவறை எங்கே சேருகிறது என்ற விவரம் அவர்களோடு போயிற்று. நாற்பது வருடம் கழித்து ஒரு சுவர் இடிந்தபோது அது புதுமை ஆகிவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெரின்குயுவிலிருந்து பக்கத்திலுள்ள இன்னொரு நிலத்தடி நகரமான கய்மாக்லி வரை எட்டு, ஒன்பது கிலோமீட்டர் சுரங்கப்பாதை உண்டு என்கிறார்கள். யாரும் முழுவதும் நடந்து அளந்ததாக நான் அறியவில்லை, அவ்வளவு நீளத்துக்குக் காற்று கொடுக்க வழிநெடுகத் துளைகள் வேண்டும், அந்தத் துளைகள் காட்டப்படும்வரை நம்பமாட்டேன். வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி ஒன்றே ஒன்று. விளக்கு மாடங்களில் கரிப்புகை இன்னும் ஒட்டியிருக்கிறது, சுவர் நெடுகக் கொத்துத் தடம் தெரிகிறது, ஒவ்வொரு வீச்சும் ஒரு மனிதத் தோளின் உயரத்தில் இருக்கிறது.

அப்பா விஷயம். அந்த வட்டாரத்துப் பாறையால் நுரையீரல் கெடும் என்று யாராவது பயமுறுத்தினால், அதன் பின்னணி இது. கரைன், துஸ்கோய், சரிஹிதிர் என்ற மூன்று கிராமங்களில் பாறையிலுள்ள எரியோனைட் என்ற நார்க் கனிமத்தால் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் மிக அதிகமாக வந்தது. துருக்கி மருத்துவர் பாரிஷ் 1970களில் அதை வெளிப்படுத்தினார். அங்கேயே பிறந்து, அந்தக் கல்லில் கட்டிய வீட்டில், வாழ்நாள் முழுக்க அந்தத் தூசியில் இருந்தவர்களுக்கு நேர்ந்தது அது. டெரின்குயுவில் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பாவுக்குச் சிரமம் தரக்கூடியவை வேறு. நடைவழிகள் தாழ்வானவை, நீண்ட தூரம் முதுகை வளைத்தே நடக்க வேண்டும். படிகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும், நடுவில் மூச்சு வாங்கினால் ஒதுங்கி நிற்க இடமில்லை. வெளியிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்றுக்குள் இறங்குவதே சிலருக்கு இழுப்பைத் தூண்டும். போகலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர் சரி என்றால் இன்ஹேலரைப் பையில் வைக்காமல் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன் காலையிலேயே போய்விடுங்கள். மேல் தளத்துத் தொழுவத்தையும் பெரிய வளைகூரை அறையையும் பார்த்துவிட்டு அவர் அங்கேயே திரும்பிவிட்டாலும் பாதி பார்த்த மாதிரிதான்.

நீங்கள் மட்டும் கீழே இறங்கினால் பெரிய ஷாஃப்ட் தெரிகிற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கூட்டம் கடந்து போகட்டும். தண்ணீர்ப் புட்டியிலிருந்து இரண்டு சொட்டு எடுத்துப் புறங்கையில் தடவி, கையைத் துளையின் வாய்க்கு நேரே நீட்டுங்கள். கருவி இல்லாத நாட்களில் நாங்களும் இப்படித்தான் பார்ப்போம். எந்தப் பக்கம் சில்லென்று படுகிறதோ அங்கிருந்து காற்று வருகிறது. நான் போனது மே மாதம், முற்பகல். மிக மெல்லியதாக, ஆனால் நிற்காமல், மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.